குட்டை ராடில் தூரமாக வீசுவது எப்படி?

5.5 அடி ஸ்பின்னிங் ராடில் (ரீல் பூட்டிய மீன்பிடி கோல்) எவ்வளவு பலமாக வீசினாலும் லூர் (போலி இரை) கிட்டத்திலேயே விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்தப் பலம்தான் கெடுக்கிறது.

குட்டை ராடில் தோளைச் சுழற்றிப் பயனில்லை. ராடின் வளைவுதான் தூரம் தரும். பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்துங்கள். லூரின் கனம் நுனியை வளைக்கும். அது நிமிர்வதற்குள் முன்னால் வாருங்கள். மெதுவாகத் தொடங்கி, முடிவில் மணிக்கட்டால் ஒரு வெட்டு. வலது கை தள்ளும்போதே பிடியின் அடியை இடது கை உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். பிடி சிறிதென்றால் இரண்டு விரல் போதும். இந்த இழுப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வீசும் முன் லூர் நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கட்டும். வீசியதும் அது வானத்தை நோக்கிப் போனால் தூண்டில் நரம்பைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். காலடியில் தண்ணீரை அறைந்தால் தாமதம்.

ராடில் பிடிக்கு மேலே எழுதியிருக்கும் லூர் கனத்தைப் பாருங்கள். 5–15 கிராம் என்றிருந்தால் 10 கிராமில் பழகுங்கள். ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நரம்பு விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நிறைந்திருக்கட்டும்; குறைந்தால் விளிம்பில் உரசி வேகம் போய்விடும். தடித்த நைலானுக்குப் பதில் மெல்லிய பிரெய்டு (பின்னிய நரம்பு) போட்டாலே வித்தியாசம் தெரியும்.

இத்தனை செய்தும் 7 அடி ராடின் தூரம் வராது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். கருவேல மரங்கள் கவிந்த ஏரிக்கரையில் விரால் தேடும்போது, பக்கவாட்டில் தாழ்வாக வீசிக் கிளைகளுக்கு அடியில் லூரைச் செருக இதற்கு இணையில்லை. விழப்போகும் நொடியில் ஸ்பூல் விளிம்பை ஆள்காட்டி விரலால் தொடுங்கள். நரம்பில் தொய்வு விழாது, உடனே சுற்றத் தொடங்கலாம்.