பழைய கருவியின் ஃபர்ம்வேரை நகலெடுக்க எந்த ப்ரோகிராமர் வாங்கலாம்?

கேள்வி: 1980களில் தயாரான ஆஸிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன், நன்றாக ஓடுகிறது. உள்ளே கண்ணாடிச் சன்னல் உள்ள 27256 ஈப்ராம் (ஒளியால் அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகம்) சிப்கள் இரண்டு சாக்கெட்டில் இருக்கின்றன. அவற்றிலுள்ள ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, நகலெடுக்க, மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ ப்ரோகிராமர் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) போதுமா? அப்படி எடுப்பது சட்டப்படி சரியா?
– வாசகர், கோவை

பதில்: போதாது. சிஎச்341ஏ என்பது 24, 25 வரிசைகளைச் சேர்ந்த, தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் சிப்களுக்கானது. உங்கள் 27256-இல் 28 பின்கள் உண்டு, முகவரிக்கு மட்டுமே 15 பின்கள் என்பதால், அகலமான ஜிஃப் சாக்கெட் (நெம்புகோலால் சிப்பை இறுக்கவும் விடுவிக்கவும் உதவும் சாக்கெட்) உள்ள ப்ரோகிராமர்தான் வேண்டும். டிஎல்866 II பிளஸ், டி48 என்ற ப்ரோகிராமர்கள் இரண்டுமே இந்தச் சிப்பைப் படிக்கும். ஆனால் நாளை 2716 போன்ற இன்னும் பழைய சிப்பில் எழுத 25 வோல்ட் தேவைப்படும். முன்னது 18 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது, டி48 25 வரை தருகிறது. ஆகவே டி48-ஐயே வாங்குங்கள்.

சன்னலின் மேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே உள்ளிருப்பது அழிந்துபோகலாம். சிப்பைக் கழற்றுமுன் அதன் வெட்டுக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை படித்ததோடு நிறுத்தாமல் மூன்று முறை படித்து ஒப்பிடுங்கள். என்னிடமுள்ள பழைய சிக்னல் ஜெனரேட்டரின் சிப்பில் மூன்றாவது நகல் ஒரே ஒரு பைட்டில் மாறியது; பின்களில் படிந்திருந்த கறுப்பைத் துடைத்த பிறகே எல்லா நகல்களும் ஒத்துவந்தன. ஒவ்வொரு நகலும் சரியாக 32,768 பைட் இருக்க வேண்டும்.

இவற்றைவிட நான் அதிகம் கவலைப்படுவது, அளவுத் திருத்த மதிப்புகளைப் பேட்டரியின் துணையோடு வைத்திருக்கும் ராம் சிப்பைப் பற்றித்தான். ஃபர்ம்வேர் அதே மாடல் உள்ள வேறொருவரிடம் கிடைக்கலாம். இந்த மதிப்புகளோ உங்கள் கருவிக்கு மட்டுமே உரியவை. பேட்டரி தனியாக இருக்கும் போர்டில் ராமைக் கழற்றினால் அவை அந்த நொடியே போய்விடும், எனவே சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52(1)(ஏஏ) பிரிவு, நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தோ சிதைந்தோ போகாமலிருக்க, அது எதற்காகத் தரப்பட்டதோ அந்தப் பயனுக்கு மட்டும், காப்பு நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. அதன் இயக்கத்தை ஆராய்ந்து அறிய (ஏசி) பிரிவு இடம் தருகிறது; அதற்கு கீட்ரா என்ற இலவச மென்பொருளே போதும். ஆனால் நகலை இணையத்தில் ஏற்றிப் பொதுவில் பகிர்வதையோ விற்பதையோ இந்த விலக்குகள் காப்பாற்றா.