மாங்குளம் வீடமைப்புச் சங்கத்தின் பிரதிநிதித்துவம் பற்றி

வணக்கம் உறவே. மாங்குளத்திலுள்ள உங்கள் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, இத்தகைய சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பான தேசிய சமாசத்தின் பணிப்பாளர் சபையில் இடமில்லை என்றும், பொதுக்கூட்ட அறிவித்தல் சிங்களத்தில் மட்டும், அதுவும் கூட்டம் முடிந்த பின்பே கிடைத்தது என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் சமாசத்தின் உபவிதிகளைக் கேட்டு வாங்குங்கள். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது தனியாட்கள் நேரடியாகச் சேரும் ஆரம்பச் சங்கங்களுக்கான நியதி. சமாசம் போன்ற ஏனைய மட்டங்கள் சனநாயக முறையில் அமையவேண்டும் என்றே 1995 இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட கோட்பாடு சொல்கிறது. ஆகவே பிரதேசவாரியாக ஆசனம் கேட்பது சலுகை கேட்பதன்று. அதற்கு உபவிதித் திருத்தம் வேண்டும்; பொதுக்கூட்டத்தில் நிறைவேறினாலும், 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி, பதிவாளர் அதனைப் பதிவுசெய்த பின்பே அது செல்லுபடியாகும்.

எனினும் ஆசனம் மட்டும் போதாது. எங்கள் சங்கத்துப் பேராளர் முறிகண்டியில் இரவு பஸ் ஏறி, சமாசக் கூட்டத்துக்காக 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, உரைபெயர்ப்பாளர் இல்லாத மண்டபத்தில் மாலைவரை அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பியபோது, அவருடைய குறிப்புக் கொப்பியில் திகதி மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆதலால் பயணச் செலவு, தமிழ் உரைபெயர்ப்பு, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ சுழற்சி முறையில் கூட்டம் ஆகியவற்றையும் அதே பிரேரணையில் சேர்த்து, முல்லைத்தீவு, மன்னார்ச் சங்கங்களின் கையொப்பங்களுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.