புர்ஜ் கலீஃபா: 124ஆவது மாடியா, 148ஆவது மாடியா?

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். வரும் ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து வந்து இரண்டு வாரம் தங்கப் போகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது. முழங்கால் வலி, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அம்மாவுக்கு மொட்டை மாடியிலிருந்து கீழே பார்த்தாலே தலை சுற்றும். எங்களோடு 5 வயது மகளும் வருவாள். 124ஆவது மாடி டிக்கெட் போதுமா, கூடுதல் பணம் கொடுத்து 148ஆவது மாடிக்கே அழைத்துப் போகலாமா? எந்த நேரம் நல்லது? மேலேயிருந்து ஈச்ச மர வடிவத் தீவான பாம் ஜுமைரா தெரியுமா?

பதில்: 124, 125ஆவது மாடிகளுக்கான டிக்கெட்டே போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல நேரத்துக்காகக் கொடுங்கள். நாளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனமாக இருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

124ஆவது மாடி தரையிலிருந்து சுமார் 452 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் நிற்பவருக்கு, பூமியின் வளைவை வைத்துக் கணக்குப் போட்டால், தொடுவானம் ஏறத்தாழ 76 கி.மீ. தூரத்தில் இருக்கும். 148ஆவது மாடி 555 மீட்டர்; அங்கிருந்து 84 கி.மீ. ஆக, இரண்டு மடங்குக்கும் மேல் பணம் கொடுத்து நீங்கள் வாங்குவது கூடுதலாக 8 கி.மீ. அதுவும் காகிதத்தில்தான். பாலைவனத் தூசியும் வளைகுடாவின் ஈரப்பதமும் சேர்ந்த துபாய்க் காற்றில் 76 கி.மீ. வரை கண் போகும் நாள் மிக அரிது. கோடை மதியங்களில் 10 கி.மீ. தள்ளியிருக்கும் கட்டடமே சாயம் போன துணி மாதிரி வெளிறித் தெரியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அம்மா ஊரிலிருந்து வந்தது ஒரு ஜூலை மாதம். விடுமுறை கிடைத்த நாளில், மதியம் இரண்டு மணிக்கு மேலே அழைத்துப் போனேன். நாலு பக்கமும் பால் கரைத்து ஊற்றிய மாதிரி ஒரே வெள்ளை. கடல் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நல்லாத்தான்பா இருக்கு" என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரியும். அதன் பிறகு யாரை அழைத்துப் போனாலும் முதலில் வானத்தைப் பார்க்கிறேன், அப்புறம்தான் டிக்கெட்டைப் பார்க்கிறேன்.

உங்கள் பெற்றோர் ஜனவரியில் வருவது நல்லதாகப் போயிற்று. காற்று ஓரளவு உலர்ந்திருக்கும், வெயில் சுடாது. ஆனால் அந்த மாதத்தில் விடியற்காலை மூடுபனி உண்டு. மேகத்துக்கு மேலே கட்டட உச்சிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை இப்படிப்பட்ட காலைகளில் எடுத்தவை. அதிர்ஷ்டம் இருந்தால் அந்தக் காட்சி கிடைக்கும். இல்லையென்றால் பனிக்குள்ளேயே நின்றுவிட்டு இறங்க வேண்டியதுதான். ஒரே ஒரு தடவை போகிற பெற்றோரை வைத்து அந்தச் சோதனை வேண்டாம்.

நாள் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஷார்ஜாவில் உங்கள் கட்டடத்தின் மொட்டை மாடிக்கோ, தென்மேற்கே திறந்த வெளி தெரியும் இடத்துக்கோ போய் புர்ஜ் கலீஃபாவைத் தேடுங்கள். அதன் ஊசிமுனை விளிம்பு பிசிறில்லாமல் தெரிந்தால், அங்கிருந்தும் உங்கள் பக்கம் தெரியும் என்று அர்த்தம். வெறும் சாம்பல் நிழலாகத் தெரிந்தால் அன்று வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள்தான் ஆகச் சிறந்தது. ஜனவரியில் ஒன்றிரண்டு நாள் மழை வர வாய்ப்பு உண்டு, வந்தால் விட்டுவிடாதீர்கள்.

அதனால் ஊரிலிருந்து அவர்கள் கிளம்பும் முன்பே ஒரு மாதம் முன்னதாக டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள். அதற்காக அன்றைக்கு நேரில் போய் வாங்கலாம் என்றும் இருக்க வேண்டாம். ஜனவரி கூட்டமான மாதம், மாலை நேரச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வானிலை முன்னறிவிப்பு ஓரளவு உறுதியாகும் இரண்டு மூன்று நாள் முன்பு, கட்டடத்தின் சொந்த இணையதளத்தில் எடுங்கள். வாங்கிய டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறுவது பொதுவாக நடக்காது என்பதால் தேதியை இரண்டு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள். சனி, ஞாயிறு இரண்டையும் தவிருங்கள். ஒரு நாள் லீவு போட முடிந்தால் செவ்வாயோ புதனோ நல்லது.

சரி, நேரத்துக்கு வருவோம். ஜனவரி நடுவில் துபாயில் சூரியன் மறைவது 5:50 மணி வாக்கில். நான்கு மணிச் சீட்டு எடுங்கள். பாதுகாப்புச் சோதனை, வரிசை எல்லாம் தாண்டி மேலே போய்ச் சேர 4:30, 4:45 ஆகிவிடும். லிஃப்ட் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏறுவதால் அந்தப் பயணம் மட்டும் ஒரு நிமிடம்தான்.

மாலைச் சீட்டுக்கு விலை கூடுதல். 148ஆவது மாடிக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இங்கே கொடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்த ஒன்றரை மணி நேரத்தில் மூன்று விதமான ஊரைப் பார்த்துவிடலாம். முதலில் சாய்ந்த வெயிலில் பகல் நகரம். அப்போது வடகிழக்குப் பக்கம் போய்க் கீழே பாருங்கள். 828 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் நிழல், சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது கிட்டத்தட்ட 4 கி.மீ. நீளத்துக்குத் தெருக்களின் மேலும் வீடுகளின் மேலும் படுத்திருக்கும். நின்று பார்க்கப் பார்க்க அது நகர்வது தெரியும். மகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள், சூரியக் கடிகாரத்தின் முள் மேலேயே நிற்கிறோம் என்று சொல்லிக் கொடுக்கலாம்.

அடுத்தது சூரியன் கடலில் இறங்குவது. தரையில் இருப்பவர்களைவிடச் சுமார் மூன்று நிமிடம் கூடுதலாக நீங்கள் சூரியனைப் பார்ப்பீர்கள். இதற்கு நடைமுறை விளைவே உண்டு. 80ஆவது மாடிக்கு மேலே வசிப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150ஆவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011 ரமலானில் துபாயின் மார்க்க அறிஞர்கள் அறிவித்தார்கள். மூன்றாவது, ஷேக் சாயித் சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம். அதையும் பார்த்துவிட்டு 6:15 வாக்கில் இறங்கலாம். மேலே இத்தனை நிமிடம்தான் என்று யாரும் விரட்டுவதில்லை. ஆனால் எல்லோரும் அதே நேரத்தில்தான் இறங்குவார்கள். கீழே வரும் லிஃப்டுக்கு அரை மணி நேரம்கூட நிற்க வேண்டி வரலாம்.

அப்பாவின் முழங்காலுக்கு உண்மையான சோதனை இந்த நிற்பதும் நடப்பதும்தான். மேலே ஏறும் வழி துபாய் மாலுக்குள்தான் இருக்கிறது. மெட்ரோ நிலையத்திலிருந்து அந்த மாலுக்குப் போகும் குளிரூட்டப்பட்ட பாலம் மட்டுமே ஏறத்தாழ 800 மீட்டர். நகரும் நடைபாதை இருந்தாலும் அதற்குப் பிறகு மாலுக்குள்ளும் நடக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் டாக்சி எடுங்கள். மாலில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பார்வைத் தளம் வரை அதிலேயே போகலாம். நம் ஊர் அப்பாக்கள் "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்பார்கள். "திரும்பும்போது தேவைப்படும்" என்று சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள். 148ஆவது மாடிக்கு ஒரு நியாயம் உண்டு என்றால் அது இங்கேதான்: கூட்டம் குறைவு, உட்கார வசதியான இருக்கைகள் உண்டு. அப்பாவால் பத்து நிமிடம்கூடத் தொடர்ந்து நிற்க முடியாது என்ற நிலை இருந்தால், காட்சிக்காக இல்லாமல் அந்த இருக்கைக்காக அதை எடுக்கலாம்.

ரத்த அழுத்தம் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 5 சதவீதம்தான் குறையும். ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் இதைவிடப் பல மடங்கு உயரம் ஏறிப் போகிறோம். மாத்திரையை நேரத்துக்குப் போட்டு, மாலைக் காபியைக் குடித்துவிட்டு வந்தால் போதும். சமீபத்தில் நெஞ்சு வலி, அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் மட்டும் அவருடைய டாக்டரைக் கேட்டுவிடுங்கள். லிஃப்ட் வேகமாக ஏறுவதால் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகும். மகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிடுங்கள். 124இல் திறந்த வெளித் தளம் இருக்கிறது. தரையைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர் கூடுதல், காற்றும் அடிக்கும். அம்மாவுக்குச் சால்வை, அப்பாவுக்குக் காதை மறைக்க ஒரு துண்டு.

அம்மாவின் தலைசுற்றல் பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பயப்படுகிற பலர் இங்கே பயப்படுவதில்லை. இவ்வளவு உயரத்தில் தரை ஒரு வரைபடம் போல ஆகிவிடுவதால் விழுந்துவிடுவோம் என்ற எண்ணம் மங்கிவிடுகிறது போலும். ஆனாலும் லிஃப்டிலிருந்து வந்ததும் நேராகக் கண்ணாடி ஓரம் இழுத்துப் போகாதீர்கள். உள்சுவர்ப் பக்கம் ஐந்து நிமிடம் நிற்கட்டும். முதலில் தூரத்துக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு ஓர் அடி முன்னே, பிறகு இன்னோர் அடி. காலடியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உள்ளே தள்ளி நின்றாலே பாதி ஊர் தெரியும்.

பாம் ஜுமைரா விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். காற்று சுத்தமாக இருந்தால் அது இருக்கும் திசை தெரியும், ஈச்ச மர வடிவம் தெரியாது. அது அங்கிருந்து சுமார் 16 கி.மீ. தள்ளி இருக்கிறது. வாசலில் போட்ட கோலத்தைத் தெருக்கோடியில் நின்று பார்த்தால் எப்படி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியுமோ, அப்படித்தான். கோலத்தைப் பார்க்க அதன் பக்கத்திலேயே மேலே ஏற வேண்டும். அதற்கென்று அந்தத் தீவிலேயே, பாம் டவரின் 52ஆவது மாடியில், 240 மீட்டர் உயரத்தில் ஒரு பார்வைத் தளம் இருக்கிறது. அங்கேயே உள்ள மால் வழியாகப் போக வேண்டும். உயரம் பாதிதான், ஆனால் கிளை கிளையாக வீடுகள் அப்படியே கீழே விரியும்.

நீங்கள் கேட்காத இன்னோர் இடத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு இது மிகவும் பொருந்தும். ஸபீல் பூங்காவில் இருக்கும் துபாய் ஃப்ரேம் 2018இல் திறந்தது. 150 மீட்டர்தான் உயரம், டிக்கெட்டும் புர்ஜ் கலீஃபாவோடு பார்த்தால் மிகக் குறைவு. மேலே ஒரு பக்கம் கராமா, பர் துபாய், தேரா என்று பழைய ஊர்; மறுபக்கம் ஷேக் சாயித் சாலைக் கோபுரங்கள். புர்ஜ் கலீஃபாவின் உள்ளே நின்றால் அதை மட்டும் பார்க்க முடியாது அல்லவா? இங்கே அது முழுசாக நிற்கும். நடுவில் கண்ணாடித் தரை உண்டு, அம்மா அதை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து போகலாம். இரண்டு வாரம் இருப்பதால் முதல் வாரம் ஃப்ரேம், இரண்டாவது வாரம் புர்ஜ் கலீஃபா என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் பயம் பழகியிருக்கும்.

படம் எடுக்க, போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், உள்விளக்கின் பிரதிபலிப்பு விழாது. வெளித் தளத்தில் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளி வழியாகவும் எடுக்கலாம். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஏறும் முன் பச்சைத் திரைக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்து, இறங்கும்போது விலைக்குக் காட்டுவார்கள். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைசியாக ஒன்று. மேலே போனதும் பெற்றோர் கேட்கப் போவது, "நம்ம வீடு எந்தப் பக்கம்பா?" என்றுதான். என் அனுபவத்தில் எல்லா அம்மாக்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அதற்குத் தயாராகப் போங்கள். முந்தின நாள் போனில் வரைபடத்தைத் திறந்து உங்கள் கட்டடத்தின் திசையைப் பார்த்துவிடுங்கள். மேலே வந்ததும் வடகிழக்குப் பக்கம் நின்று, இடது கையில் க்ரீக் (ஊருக்குள் வரும் கடல் நீர்வழி) வளைவதையும் வலது கையில் விமான நிலைய ஓடுபாதையையும் கண்டுபிடியுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே பார்வையை நேராக ஓட்டினால், சுமார் 15 கி.மீ. தூரத்தில் துபாய்-ஷார்ஜா எல்லையில் உள்ள நஹ்தா பக்கத்துக் கட்டடங்கள் கூட்டமாக நிற்கும். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. சாய்ந்த வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அந்தக் கட்டடங்களின் முகத்தில் விழுவது 4:45 முதல் 5:15 வரை. கூட்டமெல்லாம் சூரியனைப் பார்க்க மேற்குப் பக்கம் சேர்ந்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில், இந்தப் பக்கம் உங்களுக்கு இடமும் தாராளமாகக் கிடைக்கும்.