டிஸ்டன்ஸ் வெக்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிஸ்டன்ஸ் வெக்டர் முறையில் ஒரு ரவுட்டருக்கு முழு வலையமைப்பும் தெரியுமா? (மாணவி, கோண்டாவில்)

தெரியாது, தங்கச்சி. ரவுட்டர் என்பது தரவுப் பொதிகளுக்கு வழிகாட்டி அனுப்பும் பெட்டி; டிஸ்டன்ஸ் வெக்டரில் அது பக்கத்து ரவுட்டர்கள் சொல்வதை வைத்தே வழி அறியும். நல்லூரில் நின்று பருத்தித்துறைக்கு வழி கேட்கிறீர்கள். "கோப்பாய்ப் பக்கம் போங்கோ, இவ்வளவு தூரம்" என்கிறார் ஒருவர். அவர் வல்லை வெளியைக் கண்டிருக்கவே மாட்டார். கோப்பாய்க்காரர் சொன்னதைச் சொல்கிறார். ரவுட்டர் கையில் இருப்பதும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்ற இரண்டும்தான். பக்கத்து ரவுட்டர் அனுப்பும் தூரத்தோடு, அந்த ரவுட்டர் வரையான தூரத்தைக் கூட்டும். வருகிற தொகைகளில் சிறியதை வைத்துக்கொள்ளும். பெல்மன்-ஃபோர்ட் கணக்கு என்று நீங்கள் படிப்பது இதைத்தான்.

கம்பி அறுந்தால் வழி இல்லை என்று உடனே தெரிந்துவிடாதா? 'கவுண்ட் டு இன்பினிட்டி' ஏன் வருகிறது? (வாசகர், மானிப்பாய்)

அறுந்த கம்பியில் நேரே இணைந்திருக்கிற ரவுட்டருக்குத் தெரியும். சிக்கல் அடுத்த கணத்தில்தான். ஒரு தாளில் நல்லூர், கோப்பாய், நெல்லியடி என்று மூன்று வட்டங்களை ஒரே கோட்டில் போடுங்கள். நெல்லியடிக்குக் கோப்பாயிலிருந்து 1, நல்லூரிலிருந்து 2. கோப்பாய்க்கும் நெல்லியடிக்கும் நடுவே வல்லையில் கம்பி அறுகிறது. கோப்பாய் தன் கணக்கை அழிக்கிறது. அது வாய் திறக்கும் முன்னே நல்லூரின் வழமையான பட்டியல் வந்துவிடுகிறது: நெல்லியடி 2. அந்த 2 தன் வழியாகவே போவது என்று கோப்பாய்க்குத் தெரியாது, பட்டியலில் பாதை இல்லையே. சரி என்று 3 போடுகிறது. கோப்பாயை நம்பியிருக்கும் நல்லூர் 4 என்று திருத்துகிறது. அப்புறம் 5, 6, 7. இப்படி முடிவில்லாமல் எண்ணிக்கொண்டே போவதுதான் 'கவுண்ட் டு இன்பினிட்டி'. எண்ணி முடியும்வரை நெல்லியடிக்கான பொதிகள் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வரும்.

இது எங்காவது நிற்கவேண்டும் என்றுதான், டிஸ்டன்ஸ் வெக்டர் முறையில் ஓடும் ரிப் (RIP) நெறிமுறையில் 16 என்றால் 'போகமுடியாது' என்று வைத்தார்கள். 15 ஹொப்புக்கு (ஒரு ரவுட்டரைத் தாண்டுவது ஒரு ஹொப்) மேல் ரிப் போகாததும் இதனால்தான். இன்னும் பெரிய எண் வைத்திருந்தால் எண்ணி முடிக்க இன்னும் நேரம் எடுக்கும்.

ஸ்பிளிட் ஹொரைசன் போட்டால் தீர்ந்துவிடுமா? (அதே வாசகர்)

மேலே போட்ட கோட்டுக்குத் தீரும். எந்தப் பக்கம் கேட்டதோ அந்தப் பக்கமே திருப்பிச் சொல்லாதே என்பது விதி. பொய்சன் ரிவர்ஸ் என்றால், திருப்பிச் சொல், ஆனால் 16 என்று சொல். முக்கோணமாக இணைத்த மூன்று ரவுட்டர்களில் இது போதாது: ஒன்றிடம் கேட்டதை மற்றதற்குச் சொல்வதை விதி தடுக்கவில்லை, பழைய செய்தி சுற்றி வந்துவிடும்.

லாப்பில் அடுத்த ரவுட்டரை நிறுத்திவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்தும் பழைய வழி டேபிளில் இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்? (மாணவர், உரும்பிராய்)

பிழை இல்லை, தம்பி. நடுவில் நெட்வேர்க் சுவிட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) வைத்திருப்பீர்கள். அடுத்த ரவுட்டர் நின்றாலும் உங்கள் போர்ட்டில் பச்சை லைட் எரிந்துகொண்டே இருக்கும். ரிப் 30 விநாடிக்கு ஒருமுறை பட்டியல் அனுப்பும். 180 விநாடி ஒன்றும் வராவிட்டால்தான் வழி போய்விட்டது என்று முடிவெடுக்கும். டேபிளில் அந்த வழியின் வரியில் ஒரு நேரம் ஓடும், பாருங்கள். வழமையாக 30ஐ ஒட்டித் திரும்பப் பூச்சியமாகும். நான் முதல்முறை இதைச் செய்தபோது அது 2:40, 2:50 என்று ஏறுவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்த 180 அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. அடுத்தமுறை சுவிட்சை எடுத்துவிட்டு நேரே கேபிள் போட்டுச் செய்து பாருங்கள்.

வேகமான ஃபைபர் இருக்க, ரிப் ஏன் மெதுவான ரேடியோ இணைப்பால் அனுப்புகிறது? (வாசகர், சாவகச்சேரி)

ஃபைபர் பக்கம் ஒரு ரவுட்டர் கூடுதலாக இருக்கும். ரிப் ரவுட்டர்களைத்தான் எண்ணும், வேகத்தைப் பார்க்காது. ரேடியோ பக்கத்து மெற்றிக்கை, அதாவது ரிப் கணக்கிடும் தூர எண்ணை, கூட்டிவிடுங்கள்.

இதை இன்னும் படிக்கத்தான் வேணுமா? ஆர்பாநெட்டே கைவிட்டதாமே? (மாணவி, சுன்னாகம்)

உண்மை, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1979இல், ஒவ்வொரு ரவுட்டரும் முழு வலையமைப்பின் படத்தையும் வைத்திருக்கும் லிங்க் ஸ்டேட் முறைக்கு மாறியது. ஆனால் கட்டாயம் படியுங்கள். இணையத்தின் பெரிய வலையமைப்புகளை இணைக்கும் பிஜிபி (BGP) நெறிமுறை, பக்கத்தவர் சொல்வதைக் கேட்டு நடக்கும் அதே குடும்பம்தான். பிஜிபி, ஒரு வழி கடந்துவந்த வலையமைப்புகளின் எண்களையும் வரிசையாகச் சொல்லும். அந்த வரிசையில் தன் எண்ணைக் கண்டால் ரவுட்டர் அந்த வழியை ஏற்காது. நல்லூரின் பட்டியலில் கோப்பாய்க்குக் கிடைக்காமல் போன தகவல் அதுதான்.