தாய் மனம் என்று தொடங்கலாமா?

கேள்வி: கல்லூரி மகளிர் தின விழாவில், பிளவுபட்ட ஊர்களில் சமாதானத்துக்குப் பாடுபட்ட பெண்களைப் பற்றிப் பேசப் போகிறேன். வடக்கு அயர்லாந்தை எடுத்திருக்கிறேன். 'தாய் மனம் போரை வெறுக்கும்' என்று எழுதித் தொடங்கினால், என் தோழி அது பட்டிமன்றப் பேச்சு என்கிறாள். எப்படிப் பேசட்டும்?
- முதுகலை மாணவி, மதுரை

பதில்: தங்கச்சி, நான் உங்கள் தோழி கட்சி. தாய் மனம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண்கள் பட்ட பாடெல்லாம் பிறவிக் குணமாகிவிடும். அவர்கள் வருடக்கணக்கில் வேலை செய்தார்கள். அதைச் சொல்லுங்கள்.

வடக்கு அயர்லாந்தில் அயர்லாந்தோடு சேரவேண்டும் என்ற கத்தோலிக்கர் தரப்புக்கும், பிரிட்டனோடே இருக்கவேண்டும் என்ற புராட்டஸ்டன்ட் தரப்புக்கும் பல்லாண்டு மோதல். அதன் தலைநகர் பெல்ஃபாஸ்டில் ஃபால்ஸ் சாலை கத்தோலிக்கர் பக்கம், ஷாங்கில் சாலை புராட்டஸ்டன்ட் பக்கம், நடுவே உயரமான சுவர். எண்பதுகளின் கடைசியில் ஃபால்ஸ் மகளிர் மையத்துக்குத் தரவேண்டிய நிதியை மாநகராட்சி மறுத்தது. அவர்களுக்காகக் குரல் கொடுத்தது யார் தெரியுமா? சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஷாங்கில் மகளிர் மையம். துப்பாக்கிச் சூடு ஓயாத காலத்தில், சொந்தத் தெருக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காமல் எதிர்ப்பக்கத்துக்காகப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள்.

அப்புறம் 1996. சமாதானப் பேச்சுக்கு யார் யார் போவது என்று தேர்தல் வைத்தார்கள். கட்சிப் பட்டியல்களில் பெண்களைத் தேட வேண்டியிருந்தது. வாக்குகளில் முதல் பத்து கட்சிகளுக்குத் தலா இரண்டு இடம் நிச்சயம் என்பது விதி. இரு பக்கப் பெண்களும் கணக்குப் போட்டு, ஆறே வாரத்தில் மகளிர் கூட்டணி அமைத்து நின்றார்கள். கிடைத்தது ஒரு சதவீத வாக்கு. இரண்டு இடமும் வந்துவிட்டது. கத்தோலிக்கரான மோனிகா மெக்வில்லியம்ஸும் புராட்டஸ்டன்டான பேர்ல் சேகரும் உள்ளே போனார்கள். மோனிகா பேச எழுந்தால் சில ஆண் உறுப்பினர்கள் மாடு மாதிரிக் கத்தினார்கள். இவர்களோ 'இந்த வார வசவு' என்று ஒரு பலகை வைத்து, திட்டியவர் பெயரோடு எழுதி மாட்டினார்கள். அந்தப் பேச்சின் முடிவில் வந்த 1998 ஏப்ரல் 10 சமாதான ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டோர் பற்றியும், இரு மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பது பற்றியும் வாசகங்கள் ஏறியதில் இவர்கள் உழைப்பு உண்டு.

துக்கத்தையும் விடவேண்டாம். 1976-ல் பெல்ஃபாஸ்ட் பெண் மெய்ரீட் காரிகனின் சகோதரி பிள்ளைகள் மூன்று பேர் இந்த மோதலில் சிக்கி இறந்த பிறகுதான் அவரும் பெட்டி வில்லியம்ஸும் ஆயிரக்கணக்கான பெண்களோடு ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு இருவருக்கும் கிடைத்தது. உங்கள் தாய் மன வரியை அங்கே வைத்தால் பொருந்தும்.

பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் சுவரையும் பலகையையும் மட்டும் பேசுங்கள். மற்றதைக் கேள்வி கேட்பவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.