மிளகாயே காய்கறி

கேள்வி: பூடான் மக்கள் உண்மையிலேயே மகிழ்ச்சியானவர்களா? அவர்களுக்கு வருமானம் எதிலிருந்து வருகிறது?
- வாசகி ஒருவர், தேனி

பதில்: எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள். பலருக்கு விவசாயம்தான் தொழில். நாட்டு வருமானத்தின் முக்கியத் தூண் நீர்மின்சாரம். மழைக்காலத்தில் அதை இந்தியாவுக்கு விற்கிறார்கள். குளிர்காலத்தில் ஆறுகள் மெலிந்ததும் நம்மிடமே வாங்குகிறார்கள். நாட்டில் 60 சதவீதம் என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என்கிறது அவர்களின் அரசியல் சாசனம். எனக்கு இதுதான் பெரிய சொத்தாகத் தெரிகிறது.

தலைநகர் திம்புவில் ஒரு வீட்டில் சிவப்பரிசிச் சோற்றுடன் எமா தட்ஷி பரிமாறினார்கள். கீறிய பச்சை மிளகாயைப் பாலாடைக்கட்டியோடு வேகவைத்த குழம்பு அது. அங்கே மிளகாய் காரத்துக்குப் போடுவதன்று, அதுவே காய்கறி! கண்ணில் நீர் வழிய, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். தேசிய விளையாட்டு வில்வித்தை. இலக்கு ஏறத்தாழ 145 மீட்டர் தொலைவில். அம்பு தைத்தால் அந்த அணியினர் பாடி ஆடுகிறார்கள்.

மகிழ்ச்சியா? நான் பார்த்த முகங்களில் நிதானம் இருந்தது. ஆனால் 1990களில் நேபாளி மொழி பேசிய சுமார் ஒரு லட்சம் பேர் அந்த நாட்டை இழந்து நேபாள அகதி முகாம்களில் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேறினர். அவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு ‘ஆம்’ என்று எழுத என் மனம் ஒப்பவில்லை.