கேளுங்க சொல்றேன்: படம் பாக்குற பொறுமை எங்க போச்சு?

என் பையன் காலேஜ் போறான். வீட்ல படம் போட்டா பத்து நிமிஷத்துல போனை எடுத்துடுறான். மனுஷனுக்கு இப்ப தங்கமீனை விட கம்மியா 8 செகண்டுதான் கவனம் நிக்குதாமே, நிஜமாவா?
- வாசகி, செம்பூர், மும்பை

முதல்ல அந்தத் தங்கமீனைத் தூக்கிப் போடுங்க மேடம். 2015-ல மைக்ரோசாஃப்ட் கனடா விட்ட ஒரு அறிக்கையிலேர்ந்து பரவின நம்பர் அது. அவங்களும் சோதிச்சுக் கண்டுபிடிக்கல, வேற ஒரு வெப்சைட்லேர்ந்து எடுத்துப் போட்டாங்க, அந்த வெப்சைட்டுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோண்டிப் பாத்தவங்களுக்கு உருப்படியா ஒரு ஆராய்ச்சியும் சிக்கல.

அளந்து சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில குளோரியா மார்க்னு ஒரு பேராசிரியர், ஆளுங்க கம்ப்யூட்டர் முன்னாடி எப்படி வேலை பாக்குறாங்கன்னு வருஷக்கணக்கா கவனிச்சவங்க. 2004-ல ஒரு ஸ்கிரீன்ல சராசரியா இரண்டரை நிமிஷம் நின்னாங்க, பின்னாடி எடுத்த அளவுல அது 47 செகண்டுக்கு வந்துடுச்சு. ஆனா இது எவ்ளோ சீக்கிரம் தாவுறோம்ங்கற கணக்கு. ஒரு இடத்துல உக்கார முடியுமாங்கறது வேற விஷயம், அதைப் போட்டுக் குழப்பிக்கிட்டுதான் நாம பசங்களைத் திட்டிட்டு இருக்கோம்.

உங்க பையனையே பாருங்க. புஷ்பா 2 மூணு மணி நேரம் இருபது நிமிஷம். அவன் வயசுப் பசங்கதான் தியேட்டரை நிறைச்சாங்க. அங்க நடுவுல கிளம்பணும்னா பத்து பேர் காலை மிதிச்சு, இருட்டுல படி தேடி, குடுத்த காசை விட்டுட்டு வரணும். போன்ல கட்டை விரலை லேசா நகத்தினா போதும், வேற உலகம்.

நான் தாராவிலேர்ந்து நடந்து போய் மாட்டுங்கா அரோரா தியேட்டர்ல அப்பாவோட தமிழ்ப் படம் பாத்து வளந்தவன். ஒரு தடவை திரையோட வலது பக்க மேல் மூலையில சட்டுனு வந்து மறையுற ஒரு வட்டத்தைக் காட்டி "ரீல் மாத்தப் போறாங்கடா, பாரு"ன்னாரு. ஆயிரம் அடி ஃபிலிம் பதினோரு நிமிஷம்தான் ஓடும், கையில இருக்குற சுருள் தீர்றதுக்குள்ள ஆபரேட்டர் அடுத்த மெஷினைத் தட்டி விட்டாகணும். படம் சுமாரா இருந்தாக்கூட அந்த வட்டத்துக்காகவே கண்ணை எடுக்காம உக்காந்திருப்பேன்.

இப்ப எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை ராத்திரி படம் போட்டா எல்லார் போனும் சமையல்கட்டு எவர்சில்வர் டப்பாக்குள்ள போய்டும், என்னோடதும்தான். லைட்டை அணைச்சுட்டு நடுவுல இன்டர்வெல் விட்டு டீ போடுவோம். முதல் ரெண்டு வாரம் பொண்ணு சண்டை போட்டா. நீங்களும் ஒரு மாசம் பண்ணிப் பாருங்க, பையனை மட்டும் போனைக் குடுக்கச் சொல்லாதீங்க.

எல்லாத்தையும் கெடுத்தது இந்த ரீல்ஸ்தான்னு நான் சொல்றேன். சரிதானே?
- வாசகர், முலுண்ட்

பாதி சரி சார். குட்டி வீடியோ புதுசு இல்ல, அதுவும் நம்ம மும்பைக்கு இல்லவே இல்ல. 1896 ஜூலை 7, காலா கோடா வாட்சன் ஹோட்டல், டிக்கெட் ஒரு ரூபா. சினிமாவுக்கு முன்னோடியான ஃபிரெஞ்சுக்காரங்க லூமியர் சகோதரர்களோட ஆளு ஆறு படம் காட்டினாரு, இந்தியாவுல முதல் சினிமா காட்சி அதான், ஒவ்வொரு படமும் ஒரு நிமிஷம் கூட வராது, ஏன்னா அவங்க கேமராவுல 17 மீட்டர் ஃபிலிம்தான் பிடிக்கும். அங்கேர்ந்து 36 வருஷத்துல, 1932-ல, இந்திரசபான்னு எழுபது பாட்டு கிட்ட வச்சு மூன்றரை மணி நேரப் படம் வந்துச்சு. நீளமான படம் வந்தா உக்காந்து பாக்க ஜனங்க இருந்தாங்க.

புதுசு என்னன்னா முடிவே இல்லாம வர்றது. படம் முடிஞ்சா லைட் போடுவாங்க, வீட்டுக்குப் போவோம். 2020 ஜூன் கடைசில டிக்டாக்கைத் தடை பண்ணாங்க, அடுத்த மாசமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ் நம்ம நாட்டுக்கு வந்தாச்சு. இதுல எதுலயும் லைட் போடுற ஆளே கிடையாது. நீங்க எதுல எத்தனை செகண்ட் நின்னீங்கன்னு பாத்து அடுத்ததை எடுத்து நீட்டிக்கிட்டே இருக்கும். எனக்குக் கோவம் வர்றது இங்கதான், நீளத்து மேல இல்ல. அந்த ஷார்ட்ஸே ஒரு நிமிஷமா இருந்தது 2024 அக்டோபர்ல மூணு நிமிஷமாச்சே.

அப்ப சின்னச் சின்னதா வெட்டிக் குடுத்தா எல்லாமே ஓடுமா?
- வாசகர், அந்தேரி

ஓடாது. க்விபின்னு ஒரு வீடியோ ஆப், அமெரிக்காவுல பத்து நிமிஷத்துக்குள்ள எபிசோடா, போனுக்குன்னே எடுத்து 2020 ஏப்ரல்ல ஆரம்பிச்சாங்க, 175 கோடி டாலர் திரட்டி. அந்த வருஷம் டிசம்பர்லயே மூடிட்டாங்க.

நான் படமெல்லாம் 1.5 ஸ்பீடுலதான் பாக்குறேன், நேரம் மிச்சம். தப்பா?
- வாசகர், தாராவி

பாடம், பேட்டின்னா தாராளமா பாருங்க தம்பி. படத்தை அப்படிப் பாக்காதீங்க. போன வாரம் ஹார்பர் லைன் ட்ரெயின்ல எனக்குப் பக்கத்து சீட்ல ஒரு பையன் படம் பாத்துட்டிருந்தான். சாவு வீட்டு சீன். எல்லாரும் போனப்புறம் மகன் மட்டும் வாசப்படில உக்காந்து அம்மாவோட செருப்பையே பாத்துட்டிருக்கான், ஒரு வார்த்தை பேசல. இவன் ஸ்கிரீனை ரெண்டு தட்டு தட்டினான், பத்து செகண்ட் போச்சு, திரும்பத் தட்டினான், வசனம் வந்ததும் நிறுத்திட்டான். எனக்கு மனசே கேக்கல. அந்த சீனை எழுதினதே அந்தப் பேசாத இருபது செகண்டுக்காகத்தான், அவன் பாக்காம விட்டது அது ஒண்ணைத்தான்.